காத்திருப்பின் விலை: நிரலிடத்தக்க தருக்கச் சில்லுகளில் நிலை வலுவும் இயக்க வலுவும்

மின்சாதனம் ஒன்று வேலை செய்யும்பொழுது மின்வலுவை நுகர்கின்றது. வேலையற்றிருக்கும்பொழுது நுகர்வதில்லை என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். நீர்ப்பம்பியையும் மின்விசிறியையும் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருத்தமானதே. ஆனால், கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் செறிந்த சிலிக்கன் சில்லொன்றுக்கு இது பொருந்துவதில்லை. அச்சில்லு யாதொரு கணிப்பையுஞ் செய்யாது வாளாவிருக்கும்பொழுதும் அதனூடாக மின்னோட்டம் கசிந்துகொண்டேயிருக்கும். உழைப்புக்குக் கொடுக்கும் வலு ஒன்று. காத்திருப்புக்குக் கொடுக்கும் வலு மற்றொன்று. முன்னையது இயக்க வலு எனவும் பின்னையது நிலை வலு எனவும் வழங்கப்படும்.

இவ்வேறுபாடு பொறியியலாளரின் தனிக்கவலை போலத் தோன்றலாம். கல்முனைக் கரையோரத்தைச் சேர்ந்தோருக்கு அது அவ்வாறன்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரங் கழிந்த பின்னரே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களுட் கடல் புகுந்தது. இலங்கையில் ஆகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. பேரலையை ஆழ்கடலிலேயே கண்டறிந்து அறிவிக்கும் கருவி வலை அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. இன்று உண்டு. 2007 ஒக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு வேண்டிய ஆழ்கடல் மிதவைக் கருவிகளை உருவாக்கும் பணியிற் சென்னையிலுள்ள தேசிய சமுத்திரத் தொழினுட்ப நிறுவகம் ஈடுபட்டு வந்துள்ளது.

இத்தகைய கருவியின் வாழ்வு விந்தையானது. ஆண்டுக்கணக்கில் அது காத்திருக்கின்றது. சில மணித்தியாலங்களுக்காகவே அது படைக்கப்பட்டுள்ளது. எனவே அதன் வாழ்நாளைத் தீர்மானிப்பது உழைக்கும்பொழுது அது நுகரும் வலுவன்று. காத்திருக்கும்பொழுது நுகரும் வலுவேயாகும். இவ்வுண்மையை நிரலிடத்தக்க தருக்கச் சில்லுகளை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை நுகர்வு

இன்றைய தருக்கச் சில்லுகள் அனைத்தும் சீமொஸ் எனப்படும் அமைப்பைச் சார்ந்தவை. இவ்வமைப்பில் நேர் வகைத் திரான்சிற்றர் ஒன்றும் மறை வகைத் திரான்சிற்றர் ஒன்றும் இணையாகத் தொழிற்படும். ஒன்று திறந்திருக்கையில் மற்றையது மூடியிருக்கும். ஆதலால் நிலைமாறாதிருக்கும் வேளையில் வழங்கற் கம்பியிலிருந்து புவிக் கம்பிக்கு நேர்வழி அடைபட்டேயிருக்கும். 1963 இல் பெயர்சைல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பிராங் வொன்லசும் சா என்பவரும் இவ்வமைப்பை வெளியிட்டபொழுது அதன் தலையாய சிறப்பாக எடுத்துரைத்தது, வாளாவிருக்கும் சுற்று ஏறக்குறைய யாதொரு வலுவையும் நுகராது என்பதையே.

இயக்க வலு எவ்வாறு எழுகின்றது? தருக்கப் படலை ஒவ்வொன்றின் வெளியீட்டிலும் சிறியதொரு கொள்ளளவம் உண்டு. அடுத்த படலையின் உள்ளீடும் இடையிலுள்ள கம்பியுமே அக்கொள்ளளவமாகும். வெளியீடு பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கு மாறும்பொழுது அது மின்னேற்றப்படும். மீண்டும் பூச்சியத்துக்கு இறங்கும்பொழுது அவ்வேற்றம் புவிக்கு வடிந்துவிடும். இவ்வாறு ஒரு முறை ஏறி இறங்குவதற்கு வழங்கியிலிருந்து பெறப்படும் சக்தி, கொள்ளளவத்தை வோல்ற்றளவின் வர்க்கத்தாற் பெருக்கி வரும் பெறுமானமாகும். இதனைக் கடிகாரத் துடிப்பின் மீடிறனாலும், ஒவ்வொரு துடிப்பிலும் உண்மையாக நிலைமாறும் படலைகளின் பின்னத்தாலும் பெருக்கினால் இயக்க வலு கிடைக்கும். வோல்ற்றளவு வர்க்கமாக வருவது கவனிக்கற்பாலது. 1.2 வோல்ற்றிலிருந்து 0.9 வோல்ற்றுக்கு இறக்கினால் இயக்க வலு 44 சதவீதம் குறைந்துவிடும்.

நிலை வலுவோ படலைகள் மாறினாலென்ன மாறாவிட்டாலென்ன எழுவது. மூடப்பட்ட திரான்சிற்றர் முற்றாக மூடப்படுவதில்லை என்பதே அதன் காரணம்.

கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பி வேளாண்மை செய்வோருக்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. மதகைத் திறந்து வட்டைக்குப் பாய்ச்சும் நீர் ஒரு கணக்கு. மூடிய மதகின் பலகை இடுக்குகளால் இரவும் பகலும் ஒழுகும் நீர் மற்றொரு கணக்கு. பாய்ச்சும் நீரின் அளவு, எத்தனை முறை மதகு திறக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. ஒழுகும் நீரின் அளவோ எத்தனை மதகுகள் உள்ளன, அவற்றின் பலகைகள் எத்துணை இறுக்கமானவை, எவ்வளவு காலம் நீர் தேங்கி நிற்கின்றது என்பவற்றையே பொறுத்தது. போகத்திற் பலமுறை பாய்ச்சும் வட்டையில் ஒழுக்கு ஒரு பொருட்டன்று. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் திறக்கப்படும் மதகிலோ ஒழுக்கே முழுக் கணக்குமாகும்.

கசிவின் வளர்ச்சி

1963 இல் புறக்கணிக்கத்தக்கதாயிருந்த கசிவு பின்னர் பெருந்தொல்லையாக வளர்ந்தமைக்கு, திரான்சிற்றரைச் சிறிதாக்கிய முயற்சியே காரணம். திரான்சிற்றரின் அளவைக் குறைக்கும்பொழுது வோல்ற்றளவையும் அதே விகிதத்திற் குறைத்தால் ஓரலகுப் பரப்பில் நுகரப்படும் வலு மாறாதிருக்கும் என்பதை றொபேட் டெனாட்டும் அவர்தம் குழுவினரும் 1974 இற் காட்டினர். ஏறத்தாழ முப்பதாண்டு காலம் கணனித் துறை இவ்விதியின் நிழலிலேயே வளர்ந்தது.

ஆயினும் வழங்கல் வோல்ற்றளவைக் குறைப்பின், திரான்சிற்றர் திறக்கும் நுழைவாய் வோல்ற்றளவையும் குறைத்தல் வேண்டும். இன்றேல் சுற்று மந்தமாகும். இங்கேதான் இடர் தோன்றுகின்றது. நுழைவாய்க்குக் கீழே ஓட்டம் சட்டென அற்றுப்போவதில்லை, படிப்படியாகவே தேய்கின்றது. அறை வெப்பநிலையிற் சாதாரணத் திரான்சிற்றர் ஒன்றின் ஓட்டத்தைப் பத்திலொன்றாக்குவதற்குக் குறைந்தது 60 மில்லிவோல்ற்று வேண்டும். இவ்வெல்லை வெப்பவியக்கவியலால் விதிக்கப்பட்டது. தொழினுட்பத் திறமையினாற் கடக்கக்கூடியதன்று. நடைமுறையில் 80 முதல் 100 மில்லிவோல்ற்று வரை தேவைப்படும். ஆகவே நுழைவாய் வோல்ற்றளவை 100 மில்லிவோல்ற்று குறைத்தால், மூடிய திரான்சிற்றரின் கசிவோட்டம் பத்து மடங்கு அல்லது அதற்கு மேலாகப் பெருகிவிடும்.

இதனோடு மற்றொரு கசிவும் சேர்ந்துகொண்டது. 90 நனோமீற்றர்த் தலைமுறையில் திரான்சிற்றரின் படலையைக் காவலிடும் ஒட்சைட்டுப் படை 1.2 நனோமீற்றர் வரை மெலிந்தது. அதாவது ஒரு சில அணுப்படைகளே. அத்துணை மெல்லிய படையை இலத்திரன்கள் சுரங்க விளைவினால் ஊடுருவிச் சென்றன. 2003, 2004 ஆம் ஆண்டுகளளவில் நிலை வலு மொத்த நுகர்வின் பெரும் பங்காயிற்று. இன்ரெல் நிறுவனம் 2007 இல் 45 நனோமீற்றர்த் தலைமுறையில் அவ்வொட்சைட்டை நீக்கி அவ்விடத்தில் ஹப்னியம் சார்ந்த பொருளைப் புகுத்தியது. 2012 இல் 22 நனோமீற்றர்த் தலைமுறையில் ஓட்ட வழியைச் செங்குத்தாக நிறுத்திப் படலை அதனை மூன்று பக்கத்தாலும் சூழுமாறு அமைத்தது. இவை கசிவைப் பெரிதும் அடக்கின, ஒழித்துவிடவில்லை.

நிரலிடத்தக்க படலை அணியின் தனிநிலை

குறித்த ஒரு வேலைக்கென வார்க்கப்பட்ட சில்லு, பிறந்த பின்னர் மாறாது. எஃப்.பி.ஜி.ஏ. என்னும் எழுத்துக்களாற் சுட்டப்படும் நிரலிடத்தக்க படலை அணியோ, வாங்கியவர் விரும்பும் சுற்றாக உருக்கொள்ளவல்லது. சைலிங்ஸ் நிறுவனம் 1985 இல் வெளியிட்ட முதற் சில்லில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. இன்றைய பெருஞ் சில்லுகளில் அவை இலட்சக்கணக்கில் உள்ளன.

ஒவ்வொரு கட்டத்தின் உள்ளேயும் விடைகளைத் தாங்கிய அட்டவணை ஒன்று உண்டு. நான்கு உள்ளீடுகளையுடைய அட்டவணைக்கு 16 நினைவுக் கலங்களும், ஆறு உள்ளீடுகளையுடைய அட்டவணைக்கு 64 நினைவுக் கலங்களும் தேவை. கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகளில் எண்ணற்ற ஆளிகள் உண்டு. அவற்றுள் எது திறந்திருத்தல் வேண்டும், எது மூடியிருத்தல் வேண்டும் என்பதையும் நினைவுக் கலங்களே கூறுகின்றன. எந்தச் சுற்றையும் ஏற்கும் ஆற்றல் வேண்டுமாயின், எந்தச் சுற்றும் முழுவதாகப் பயன்படுத்தாத அளவு பாதைகளை முன்கூட்டியே அமைத்துவைத்தல் வேண்டும்.

இந்நெகிழ்ச்சிக்குக் கொடுக்கும் விலை இருவகையானது. முதலாவது, இயக்க வலு கூடுகின்றது. குறிகை ஒன்று நேரான கம்பியாற் செல்லாது பல ஆளிகளையும் நீண்ட பாதைகளையும் கடந்து செல்வதால், மின்னேற்றப்பட வேண்டிய கொள்ளளவம் பெருகுகின்றது. ரொரன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் கூனும் ஜொனதன் றோசும் 90 நனோமீற்றர்த் தலைமுறையில் இருவகைச் சில்லுகளையும் ஒப்பிட்டு 2007 இல் வெளியிட்ட ஆய்வில், தருக்கக் கட்டங்களை மட்டும் கொண்டு அமைத்த சுற்றின் இயக்க வலு, தனிவேலைச் சில்லினதைவிடச் சராசரியாக 14 மடங்கு எனக் கண்டனர்.

இரண்டாவது, நிலை வலு கூடுகின்றது. சில்லிலே பயன்படாது கிடக்கும் கட்டங்களும், மூடப்பட்ட ஆளிகளும், நினைவுக் கலங்களும் வழங்கலோடு இணைந்தே இருப்பதால் அவை யாவும் கசிகின்றன. சில்லின் பத்திலொரு பங்கை மட்டும் பயன்படுத்துபவரும் ஏறக்குறைய முழுச் சில்லின் கசிவுக்கும் கடன்பட்டவராவர். சிறிய வேலைக்குப் பெரிய சில்லைத் தெரிவுசெய்வது பணத்தை மட்டுமன்றி வலுவையும் வீணாக்குவதாகும்.

உற்பத்தியாளர் இதனை உணராதவரல்லர். நினைவுக் கலங்கள் ஒரு முறை நிரப்பப்பட்ட பின் மாறுவதில்லை. எனவே அவை விரைவாக இயங்க வேண்டியதில்லை. இவ்வுண்மையைப் பயன்கொண்டு சைலிங்ஸ் நிறுவனம் 90 நனோமீற்றர் விர்ட்டெக்ஸ்-4 வரிசையில் அக்கலங்களுக்குச் சற்றுத் தடித்த ஒட்சைட்டைப் பயன்படுத்திக் கசிவைக் குறைத்தது. அல்ரெரா நிறுவனம் 65 நனோமீற்றர் ஸ்ட்ராற்றிக்ஸ்-3 வரிசையில், விரைவு வேண்டாத பகுதிகளின் நுழைவாயை உயர்த்தி அவற்றைக் கசிவு குறைந்த நிலையில் வைக்கும் வசதியை வழங்கியது. அக்ரெல் நிறுவனம் நினைவுக் கலங்களுக்குப் பதிலாக, மின்னின்றியும் நினைவைப் பேணும் பிளாஷ் கலங்களைக் கையாண்டது. அந்நிறுவனம் 2006 இல் வெளியிட்ட இக்ளூ வரிசைச் சில்லுகளின் உறக்க நிலை நுகர்வு சில மைக்குரோவாற்று அளவிலிருந்து தொடங்கும்.

ஒரு கணக்கு

இப்பொழுது ஆழ்கடற் கருவிக்கு மீள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சமுத்திர வளிமண்டல நிருவாகம் பசிபிக் சமுத்திரத்துக்கென வடிவமைத்த டார்ட் என்னுங் கருவி பலருக்கும் முன்மாதிரியாயிற்று. கடலடியில் இருக்கும் அதன் உணரி 15 செக்கனுக்கு ஒரு முறை நீரமுக்கத்தை அளக்கின்றது. கடந்த மூன்று மணி நேர அளவீடுகளைக் கொண்டு அவ்வேளையில் இருக்க வேண்டிய அமுக்கத்தை எதிர்வுகூறி, உண்மை அளவீட்டோடு ஒப்பிடுகின்றது. வேறுபாடு வரம்பை மீறினால் மட்டுமே எச்சரிக்கை நிலைக்கு மாறுகின்றது. கடலடிப் பகுதியின் மின்கலம் நான்கு ஆண்டு நிலைக்கவேண்டும் என்பது வடிவமைப்பின் நோக்கம். நான்கு ஆண்டில் ஏறத்தாழ 84 இலட்சம் தடவை அளந்து, பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்னும் விடையையே அது காண்கின்றது.

இவ்வேலைக்கு நுண்கட்டுப்படுத்தி ஒன்றே போதும். நடைமுறையிற் கையாளப்பட்டதும் அதுவே. ஆயினும் பல உணரிகளையும் ஒலிக்குறிகைகளையும் ஒருங்கே ஆராய வேண்டிய கருவியில் நிரலிடத்தக்க சில்லை நாடுவர். அத்தகைய சில்லொன்று இதே தாளத்தில் இயங்குவதாகக் கொள்வோம். பின்வரும் பெறுமானங்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. மின்கலத்தின் கொள்ளளவு 1500 உவாற்று மணி. சில்லின் நிலை வலு 100 மில்லியுவாற்று. ஒவ்வோர் அளவீட்டுக்கும் 10 மில்லிசெக்கன் நேரம் 400 மில்லியுவாற்று இயக்க வலு.

15 செக்கன் கொண்ட ஒரு சுற்றில், உழைப்புக்கான சக்தி 4 மில்லியூல். கசிவுக்கான சக்தியோ 1500 மில்லியூல். அதாவது மொத்தத்தில் 99.7 சதவீதம் காத்திருப்புக்கே செல்கின்றது. மின்கலம் ஒரு வருடமும் எட்டு மாதமும் அளவிலே தீர்ந்துவிடும். நான்கு ஆண்டின் பாதியையேனும் எட்டாது.

பொறியியலாளர் ஒருவர் அரும்பாடுபட்டு இயக்க வலுவைப் பாதியாக்கினார் என வைப்போம். கருவியின் வாழ்நாள் ஏறத்தாழ 20 மணி நேரம் நீளும். ஒரு நாள்கூட இல்லை. மற்றொருவர் நிலை வலுவைப் பாதியாக்கினார் என வைப்போம். வாழ்நாள் மூன்று ஆண்டு ஐந்து மாதமாகும். இருவர் உழைப்பும் ஒன்றே. பயனோ மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு.

சில்லை இடையிடையே முற்றாக அணைத்துவிட்டால் என்ன? மின்னற்றால் நினைவிழக்கும் கலங்களையுடைய சில்லை மீண்டும் ஏற்றும்பொழுது, அதன் உருவமைப்பு முழுவதையும் புறநினைவகத்திலிருந்து நிரப்புதல் வேண்டும். அதற்கு 100 மில்லிசெக்கன் நேரமும் 300 மில்லியுவாற்றும் செல்லுமாயின் செலவு 30 மில்லியூல். நிலை வலு 100 மில்லியுவாற்று ஆகையால், 0.3 செக்கனுக்கு மேற்பட்ட எந்தக் காத்திருப்பிலும் அணைப்பதே இலாபம். 15 செக்கனுக்கு ஒரு முறை விழித்தெழும் சில்லின் மொத்தச் செலவு, உழைக்கும் வேளையில் ஏற்படும் கசிவுக்கான 1 மில்லியூலையுஞ் சேர்த்து, 35 மில்லியூல். சராசரி வலு ஏறத்தாழ 2.3 மில்லியுவாற்று. அதன் பின்னர் உணரியும் ஒலிவழித் தொடர்புக் கருவியுமே மின்கலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முன்னைய மூன்று மணி நேர அளவீடுகள் சில்லோடு அழிந்துபோகாது வேறோரிடத்திற் பேணப்படுதல் வேண்டும். உறங்கி எழுந்தவன் நேற்றையதை மறந்திருப்பின் இன்றையதை ஒப்பிட இயலாது.

மெதுவாக ஓட்டினால் மிச்சமாகுமா?

கடிகாரத் துடிப்பைப் பாதியாக்கினால் வலு குறையும் என்பது உண்மை. அதனாற் சக்தியும் மிச்சமாகும் என்று முடிவுசெய்தல் தவறு. மேற்கூறிய சில்லைப் பாதி வேகத்தில் ஓட்டுவோம். இயக்க வலு 200 மில்லியுவாற்றாகும். ஆனால் வேலை 20 மில்லிசெக்கன் நீடிக்கும். உழைப்புக்கான சக்தி முன்போலவே 4 மில்லியூல். கசிவு மட்டும் 1 மில்லியூலிலிருந்து 2 மில்லியூலாக உயரும். மொத்தம் 5 இலிருந்து 6 ஆகக் கூடிவிட்டது. வோல்ற்றளவையும் உடன் குறைத்தாலன்றி, மெதுவாக உழைப்பது சிக்கனமன்று. விரைந்து முடித்து, விளக்கணைத்து உறங்குவதே இத்தகைய சில்லுக்கு ஏற்ற ஒழுக்கமாகும்.

வெப்பமும் எமது கரையோரமும்

கசிவோட்டம் வெப்பநிலையோடு மிக விரைவாக உயர்வது. ஆழ்கடலின் அடியில் நீர் உறைநிலைக்குச் சில பாகை மேலேயே இருக்கும். அங்கு சில்லு குறைவாகவே கசியும். அதே சில்லைக் கல்முனைக் கடற்கரையில் உலோகப் பெட்டியொன்றில் வைத்து நண்பகல் வெயிலில் நிறுத்தினால் கதை வேறு. பெட்டியின் உட்புறம் வெளிவளியைவிடப் பெரிதும் சூடேறும், கசிவு பன்மடங்காகும். கசிவினாற் சில்லு மேலும் சூடேறும். சூட்டினாற் கசிவு மேலும் கூடும். 25 பாகை செல்சியசில் அளக்கப்பட்ட பெறுமானத்தை நம்பி மின்கலத்தைத் தெரிவுசெய்பவர் ஏமாற்றமடைவர்.

கரையோரத்தில் அபாயம் கடலிலிருந்து மட்டும் வருவதன்று. வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்தில், நவம்பர் முதல் சனவரி வரை, தாழ்நிலங்களும் வயல்வழி வீதிகளும் நீரில் மூழ்குவதுண்டு. 2011 சனவரியிற் கிழக்கு மாகாணம் பெருவெள்ளத்தைக் கண்டது. 2024 நவம்பரிற் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்த துயரம் இப்பிரதேசத்தவர் நெஞ்சைவிட்டு அகலாதது. வீதியின் நீர்மட்டத்தை அளந்து முன்கூட்டியே எச்சரிக்கும் சிறுகருவிகளை ஆங்காங்கே நிறுவுதல் தொழினுட்பத்தால் அரிதன்று. அவை சூரியக்கலத்தாலும் மின்கலத்தாலும் இயங்கவேண்டியவை. எந்நாட்களில் அவை தேவையோ அந்நாட்களிலேயே ஞாயிறு முகில்களுள் மறைந்திருக்கும். வெயிலற்ற ஐந்து நாட்களுக்கு 100 மில்லியுவாற்றுக் கசிவுடைய சில்லுக்கு மட்டும் 12 உவாற்று மணி வேண்டும். உறங்கி விழிக்கும் சில்லுக்கு 0.3 உவாற்று மணியே போதும். கோடையில் வெப்பத்துக்கும் மாரியில் வெயிலின்மைக்கும் வெவ்வேறாகக் கணக்கிட்டு, இரண்டையுந் தாங்கும் கருவியையே அமைத்தல் வேண்டும்.

அளந்தறிதல்

இவ்விரு வலுக்களையும் வேறுபிரித்து அளப்பது மாணவருக்கும் இயல்வது. சில்லின் உட்பகுதிக்கான வழங்கற் கம்பியில் அம்பியர்மானி ஒன்றைத் தொடராக இணைத்து, உருவமைப்பை நிரப்பிய பின் கடிகாரத் துடிப்பை நிறுத்துக. உள்ளீடுகள் யாவும் மாறாதிருத்தல் வேண்டும். அப்பொழுது காட்டப்படும் ஓட்டத்தை வழங்கல் வோல்ற்றளவாற் பெருக்கினால் நிலை வலு கிடைக்கும். பின்னர் துடிப்பை வெவ்வேறு மீடிறன்களில் இயக்கி வலுவை வரைபிற் குறித்தால், அது ஏறத்தாழ ஒரு நேர்கோடாக அமையும். அக்கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம் நிலை வலு. அதன் சாய்வு இயக்க வலுவின் அளவு. சில்லைச் சற்றுச் சூடாக்கி மீண்டும் அளந்தால், சாய்வு பெரிதும் மாறாதிருக்க, வெட்டுத்துண்டு மட்டும் மேலெழுவதைக் காணலாம். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் போன்ற நிலையங்களிற் பயிலும் மாணவர், எமது வெப்பநிலைக்கும் எமது பருவத்துக்கும் உரிய பெறுமானங்களை இவ்வாறு தாமே பெற்றுத் தொகுத்தல் பயனுடைத்து. உற்பத்தியாளரின் ஏடுகள் கல்முனை வெயிலை மனதிற்கொண்டு எழுதப்பட்டவையல்ல.

முடிவுரை

சில்லொன்று எத்துணைச் சிக்கனமானது என்னும் வினாவுக்குத் தனித்த விடையில்லை. அது தன் வாழ்நாளில் எவ்வளவு பங்கு உழைக்கும், எவ்வளவு பங்கு காத்திருக்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஓயாது உழைக்கும் கருவிக்கு வோல்ற்றளவையும் கொள்ளளவத்தையும் குறைத்தல் முதன்மையானது. காத்திருக்கும் கருவிக்கோ சிறிய சில்லைத் தெரிதல், கசிவு குறைந்த வகையை நாடுதல், வேலை முடிந்ததும் அணைத்தல், நிழலில் வைத்தல் ஆகியனவே முதன்மையானவை. எச்சரிக்கைக் கருவிகள் யாவும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அலை வரும் நாளில் மின்கலம் தீர்ந்திருக்குமாயின், அதுகாறும் அக்கருவி செய்த எண்பது இலட்சம் அளவீடுகளாலும் கரையிலிருப்போருக்கு யாதொரு பயனுமில்லை.